கேட்பாரின்றியும் எழுதிய இசைப்புலவர்: ஹவர்கல் பிறையன்

கலைகள் பலவற்றுள்ளும் இசைக்கலைக்கு ஒரு தனி இடர் உண்டு. ஓவியன் தீட்டிய ஓவியம், காண்பார் வந்து காணுமளவும் சுவரிலே காத்திருக்கும். சிற்பி செதுக்கிய படிமமும் அத்தகையதே. நூலாசிரியன் எழுதிய நூலை ஒருவன் தன் வீட்டு மூலையிலிருந்தே படித்து இன்புறலாம். இசையோ ஒலிக்கும்பொழுது உளதாய், ஒலி அடங்கியபொழுது இலதாய் விடுவது.

மேனாட்டுப் பல்லிய இசைக்கு இவ்விடர் பன்மடங்கு பெரிது. நம் நாட்டுச் சாகித்தியகர்த்தர் தாம் இயற்றிய கீர்த்தனத்தைத் தாமே பாடலாம். மாணாக்கர் அதனைக் கேட்டுப் பாடஞ் செய்துகொள்வர். மேனாட்டிலே சிம்பனி இயற்றுவோரின் நிலை வேறு. சிம்பனி என்பது பல்வகை வாத்தியங்கள் கூடி இசைத்தற்கென வகுக்கப்பட்ட, பல பகுதிகளையுடைய பேரிசை. அதனை இயற்றுவோர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரங்களைத் தாளிலே குறித்து வைக்கின்றார். எண்பது நூறு வாத்தியகாரரும், அவர்களை நடத்தும் நெறியாளரும், மண்டபமும், ஒத்திகைக்கு வேண்டிய பொருளும் ஒருங்கு கூடினாலன்றி, தம் இசையைத் தாமே செவியாற் கேட்டல் அவர்க்கு இயலாது.

இங்ஙனம் தம் சிம்பனிகளுள் ஒன்றையேனும் கேளாமலே எழுபத்தெட்டு வயதுவரை எழுதிக்கொண்டிருந்த ஒருவர் இங்கிலாந்திலே வாழ்ந்தார். ஹவர்கல் பிறையன் என்பது அவர் பெயர். அவர்தம் வரலாறு இசை பயில்வார்க்கு மட்டுமன்றி, எழுதுவார்க்கும் கற்பிப்பார்க்கும் பயன்படுவதொன்றாதலின் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

குயவர் நாட்டுச் சிறுவன்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஸ்ரபோட்சயர் மாகாணத்திலே, மட்பாண்டத் தொழிலாற் பெயர்பெற்ற ஊர்கள் சில அடுத்தடுத்து உள்ளன. சூளைப் புகை சூழ்ந்த அவ்வூர்களுள் ஒன்றாகிய டிறெஸ்டன் என்னுமிடத்திலே, 1876 ஆம் ஆண்டு சனவரி மாதம் 29 ஆந் திகதி பிறையன் பிறந்தார். பெற்றோர் மட்பாண்டத் தொழிலாளர். அவர்கள் இட்ட பெயர் வில்லியம் என்பது. தேவாலயப் பாடல்களை இயற்றிப் புகழ்பெற்றிருந்த ஒரு குடும்பத்தின் பெயராகிய ஹவர்கல் என்பதைப் பிறையன் பின்னர்த் தம் பெயராக்கிக்கொண்டார்.

பள்ளிப் படிப்புச் சிறு வயதிலேயே முடிந்தது. வயிற்றுப் பிழைப்புக்குப் பல தொழில் செய்யவேண்டியிருந்தது. ஆயினும் இசை அவரை விட்டிலது. தேவாலயத்திலே பாடினார், ஓர்கன் வாசிக்கக் கற்றார். இசைக்கல்லூரி எதிலும் முறையாகப் பயின்றாரல்லர். பிறர் எழுதிய இசைத்தாள்களைப் படித்தும், கச்சேரிகளைக் கேட்டும் தாமே தமக்கு ஆசிரியராயினார். பெருநகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளே இசைப்புலவராக வரக்கூடும் என்ற எண்ணம் நிலவிய காலத்தில் இஃது எளிய காரியம் அன்று.

அவர்க்கு இருபது வயதாகிய 1896 ஆம் ஆண்டிலே ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. அயலூராகிய ஹான்லியில் உள்ள விக்டோறியா மண்டபத்திலே, ஒக்டோபர் மாதம் 30 ஆந் திகதி, எட்வேட் எல்கார் என்னும் இசைப்புலவரின் ‘ஓலாவ் மன்னன்’ என்ற நெடும்பாடல் முதன்முறையாக அரங்கேறியது. எல்காரின் புகழ் நாடெங்கும் பரவுதற்கு முந்திய காலம் அது. பாடகர்களின் ஒத்திகையை முன்னரே கேட்டு மயங்கியிருந்த பிறையன் அரங்கேற்றத்துக்குஞ் சென்றார். மண்டபம் நிறைந்த குரலும் வாத்தியமும் அவரை ஆட்கொண்டன. புதிய இசையிலே அன்று தோன்றிய பற்று இறுதிவரை நீங்கவில்லை. அவர் எல்காருக்குத் தம் இசையை அனுப்ப, எல்காரும் ஊக்கமளித்தார். ஒரு நல்ல கச்சேரி கேட்போருள் ஒருவனையேனும் புலவனாக்கும் என்பதற்கு இது சான்று. இத்திகதியை வாசகர்கள் நினைவிலே வைத்துக்கொள்க. பின்னரும் அது வரும்.

ஏற்றமும் வீழ்ச்சியும்

1907 ஆம் ஆண்டு பிறையன் வாழ்விலே பொற்காலத்தின் தொடக்கம்போலத் தோன்றியது. அவர்தம் ‘ஆங்கில இசைக்கோவை’ லீட்ஸ் நகரிலே இசைக்கப்பட்டது. அதே ஆண்டில், இலண்டன் குவீன்ஸ் மண்டபத்திலே ஹென்றி வூட் நடத்திவந்த புறொமனேட் கச்சேரிகளிலும் அஃது இடம்பெற்றது. சிறு கட்டணங் கொடுத்து, நின்றுகொண்டே பெரிய இசையைக் கேட்கும் வாய்ப்பை ஏழை எளியவர்க்கு அளித்த கச்சேரி வரிசை அது. அங்கே ஒருவர் பெயர் அச்சிடப்படுதல் பெருஞ் சிறப்பு.

அச்சிறப்பைக் கண்ட உள்ளூர்ச் செல்வர் ஹேபேட் மின்ரன் றொபின்சன் என்பார், பிறையன் கவலையின்றி இசை இயற்றவேண்டுமென்று ஆண்டுக்கு ஐந்நூறு பவுண் உதவ முன்வந்தார். நடுத்தரக் குடும்பம் ஒன்று மானத்தோடு வாழ அக்காலத்திலே போதிய தொகை அது. புலவர்க்குப் புரவலர் வாய்த்தார். இனி யாது குறை என்று எவரும் எண்ணுவர்.

ஆயின் நேர்ந்தது வேறு. உழைத்துப் பழகிய கைக்கு ஓய்வு வந்தபொழுது வேகங் குறைந்தது. பெரிய படைப்புகளைத் தொடங்கினார். முடிப்பதில் விரைவு காட்டவில்லை. இனிய உணவும் இத்தாலிப் பயணமுமாகப் பொருள் கழிந்தது. வீட்டிலே பணியாற்றிய ஹில்டா என்னும் இளம்பெண்ணோடு ஏற்பட்ட தொடர்பினால், 1913 ஆம் ஆண்டிலே குடும்பம் குலைந்தது. மனைவி இசபெல்லையும் ஐந்து மக்களையும் பிரிந்து இலண்டன் சென்றார். புரவலர் அச்செயலை ஒப்பவில்லை. ஆயினும் உதவியை நிறுத்தினாருமில்லை. அதிற் பெரும்பகுதி கைவிடப்பட்ட மனைவிக்கே சென்றது. அது முறையும் ஆகும்.

பெரியோர் வரலாற்றை எழுதுவார் அவர்தம் பிழைகளை மறைத்தல் வழக்கமாகவுள்ளது. அது நேர்மையன்று. பிறையன் செய்த பிழையின் சுமையை அவர் மட்டுமன்றி மனைவி மக்களுஞ் சுமந்தனர். ஹில்டாவோடு கொண்ட உறவோ வாழ்நாள் முழுதும் நிலைத்தது. 1933 இல் இசபெல் இறந்தபின் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அவர்களுக்கும் மக்கள் ஐவர்.

இலண்டன் வாழ்க்கை வறுமையோடு தொடங்கியது. 1914 இல் உலகப் பெரும்போர் மூண்டது. பிறையன் படையிற் சேர்ந்தார். போர்முனை காணுமுன்னரே கையிற்பட்ட ஊறு காரணமாக விலக்கப்பட்டார். பின்னர்க் கணக்கு அலுவலகத்து வேலை, பிறர் இசைத்தாள்களைப் படியெடுக்கும் வேலை, இசையிதழ்களுக்கு எழுதும் வேலை என்று காலம் ஓடியது. 1927 முதல் 1940 வரை ‘மியூசிக்கல் ஒப்பினியன்’ என்னும் இசையிதழிலே துணையாசிரியராக இருந்தார். பிறர் கச்சேரிகளைப் பற்றி வாரந்தோறும் மாதந்தோறும் எழுதிய அவர், தம் இசைக்கு ஒரு கச்சேரி வாய்க்கக் கண்டிலர்.

கோதிக் சிம்பனி

இவ்வறுமையின் நடுவே, 1919 ஆம் ஆண்டிலே, தமது நாற்பத்து மூன்றாம் வயதில், அவர் ஒரு சிம்பனியைத் தொடங்கினார். அது முடிய எட்டு ஆண்டுகள் சென்றன. 1927 இல் நிறைவெய்திய அதுவே ‘கோதிக் சிம்பனி’.

கோதிக் என்பது ஐரோப்பாவின் இடைக்காலத்திலே எழுந்த, கூரிய வளைவுகளும் வானளாவிய கோபுரங்களுமுடைய பேராலயங்களின் கட்டடமுறை. தலைமுறை தலைமுறையாகப் பலர் கூடி எழுப்பிய அவ்வாலயங்களை ஒலியினாற் கட்ட முயன்றார் பிறையன். ஆறு பகுதிகளையுடைய இச்சிம்பனியின் முதல் மூன்று பகுதிகள் ஜேர்மன் மகாகவி கேதேயின் ‘பௌஸ்ற்’ என்னும் நாடகத்தின் தூண்டுதலாற் பிறந்தவை, வாத்தியங்களே இசைப்பவை. பின் மூன்று பகுதிகள் தேவாலயங்களில் வழங்கும் பழைய இலத்தீன் தோத்திரமாகிய தெதேயுத்தைப் பாடகர் கூட்டம் பாட அமைந்தவை.

இதற்கு வேண்டிய ஆள்வலியை எண்ணினால் வியப்புண்டாகும். வழக்கமான பல்லியக் குழுவைப்போல இருமடங்கு வாத்தியகாரர், அவர்க்குப் புறம்பே மண்டபத்தின் வெவ்வேறு திசைகளிலே நிற்கும் நான்கு பித்தளை வாத்தியக் குழுக்கள், ஓர்கன், பல பெரும் பாடகர் கூட்டங்கள், சிறுவர் கூட்டம், தனித்துப் பாடுவோர் நால்வர். ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம் நிகழ்வது இப்பேரிசை.

இவ்வளவு பெரிய ஓசைக் கடல் முடியும் இடமோ மிகச் சிறிது. வாத்தியங்கள் யாவும் அடங்கிவிட, பாடகர் மட்டும் மெல்லிய குரலிலே, தாம் என்றும் நாணுறாதபடி காத்தருளுமாறு இறைவனை வேண்டும் அத்தோத்திரத்தின் இறுதி மன்றாட்டோடு நிறுத்துகின்றனர். கேட்பாரற்றிருந்த ஒரு மனிதர், தம் பெரும்படைப்பை இவ்வேண்டுதலோடு முடித்தார் என்பதை எண்ணுந்தொறும் உள்ளம் உருகும்.

இச்சிம்பனியை ஜேர்மன் இசைமேதை றிச்சாட் ஸ்ராவுசுக்கு அவர் உரிமையாக்கினார். ஸ்ராவுசும் அதனைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். 1932 இல் அது அச்சேறியது. ஆயின் அரங்கேறவில்லை. அத்தனை பேரை ஒன்றுகூட்டப் பொருளளிப்பார் எவருமிலர். போருக்கு முன் பெருமையெனப்பட்ட பேரளவு, போருக்குப் பின் பழமையெனப்பட்டது. புது நெறியாளரோ அவரைப் பழையவர் என்றனர். பழமை விரும்பினாரோ அவர் இசை கடினம் என்றனர். இருசாராரும் இசையைக் கேளாமலே தீர்ப்புக் கூறினர்.

கேளாச் செவிகள்

மற்றொருவராயின் எழுதுகோலைக் கீழே வைத்திருப்பார். பிறையன் இரண்டாஞ் சிம்பனியை எழுதினார், மூன்றாவதை எழுதினார், நான்காவதை எழுதினார். ஷெல்லி என்னும் ஆங்கிலக் கவியின் ‘விடுபட்ட பிறொமீதியஸ்’ என்ற நாடகத்துக்கு மிகப் பெரிய இசை வகுத்தார். அதன் முழு வாத்தியத்தாள் பின்னர்க் காணாமற் போயிற்று; குரலிசைக்குரிய சுருக்கமே எஞ்சியது. ‘புலிகள்’ என்னும் அவரது முதல் இசைநாடகத்தின் முழுத்தாளும் அவ்வாறே தொலைந்து, அவர் இறந்தபின் 1977 இலேயே கண்டெடுக்கப்பட்டது. செல்லரிக்கும் ஏட்டுக்கு நேரும் கதியே, இசைக்கப்படாத இசைத்தாளுக்கும் நேருகின்றது.

1948 இலே, எழுபத்திரண்டு வயதிலே, முதியவர் உள்ளத்தில் ஊற்றுக்கண் ஒன்று திறந்ததுபோலும். ஆறாஞ் சிம்பனியும் ஏழாஞ் சிம்பனியும் அவ்வாண்டிற் பிறந்தன. அவர் இயற்றிய 32 சிம்பனிகளுள் 27 இதன்பின் எழுந்தவை. அவற்றுள்ளும் 21 எண்பது வயதைக் கடந்தபின் எழுந்தவை. நான்கு இசைநாடகங்களும் இம்முதுமையின் பயனே. முற்காலத்துப் பேரளவு இப்பொழுது இல்லை. சொற்சுருங்கிப் பொருள் பெருகும் சூத்திர நடைபோல, சிம்பனிகள் குறுகின. இருபத்திரண்டாஞ் சிம்பனி பத்து நிமிட அளவினது. ஒரு கருத்தை விரிக்காமற் சட்டென மற்றொன்றுக்குத் தாவும் அவ்விசை, முதல்முறை கேட்பாரைத் திகைப்பிக்கும். மீளக் கேட்பார்க்கே அதன் உட்தொடர்பு விளங்கும்.

இவ்விருளிலே விளக்கேந்தி வந்தவர் றொபேட் சிம்சன் என்பவர். தாமும் சிம்பனி இயற்றுபவராகிய அவர், பி. பி. சி. நிலையத்தின் இசைப்பகுதியிலே பணியாற்றினார். பிறையனின் தாள்களைப் படித்து வியந்து, எட்டாஞ் சிம்பனியை ஒலிபரப்ப ஏற்பாடு செய்தார். 1954 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 1 ஆந் திகதி, ஏட்றியன் போல்ற் என்னும் பெயர்பெற்ற நெறியாளர் அதனை நடத்தினார். பிறையனின் சிம்பனி ஒன்று ஒலியுருப் பெற்றது அதுவே முதன்முறை. மூன்று நாட்களுக்கு முன்னரே அவர்க்கு எழுபத்தெட்டு வயது நிறைந்திருந்தது.

பொறாமை கலவாத அன்பு புலவரிடை அரிது என்பர். சிம்சன் தம் இசைக்கு இடம் தேடுவதிலும் பிறையன் இசைக்கு இடம் தேடுவதிலே முனைந்து நின்றார். அவர் தொடங்கிவைத்த பணியின் பயனாக முப்பத்திரண்டு சிம்பனிகளும் காலப்போக்கில் ஒலிபரப்பாயின.

மண்டபத்திலே ஒலித்த பேராலயம்

கோதிக் சிம்பனி முதலில் ஒலித்தது 1961 ஆம் ஆண்டு யூன் மாதம் 24 ஆந் திகதி, இலண்டன் வெஸ்மின்ஸ்ரர் மத்திய மண்டபத்திலே. பிறையன் பெயாபக்ஸ் என்பார் நெறிப்படுத்த, ஊதியங் கருதாத ஆர்வலர் பலர் கூடி அதனை நிகழ்த்தினர். எழுதி முடித்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. பொருளுடைய நிறுவனங்கள் அஞ்சியதை அன்புடையோர் முன்வந்து செய்தனர்.

ஐந்து ஆண்டுகளின்பின், பி. பி. சி. பல்லியக் குழுவோடு போல்ற் அதனை இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் நடத்தினார். அந்நாள் 1966 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆந் திகதி. வாசகர்கள் நினைவுகூர்க: ஹான்லி மண்டபத்திலே இருபது வயதுப் பிறையன் எல்காரின் இசை கேட்டு மயங்கிய நாளிலிருந்து, நாளும் மாதமும் பிசகாது எழுபது ஆண்டுகள். தொண்ணூறு வயதுக் கிழவர் அன்று அவையில் இருந்தார். இசை அடங்கியபின் மண்டபத்தினர் எழுந்து நின்று ஆரவாரித்தனர்.

இத்தகைய இசையை மண்டபத்தில் இருந்து கேட்டற்கும், வானொலியிலோ இசைத்தட்டிலோ கேட்டற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. நான்கு திசையிலும் நிற்கும் பித்தளைக் குழுக்கள் முழங்கும்பொழுது, ஒலி கேட்போனுக்கு முன்னே மட்டும் நிற்பதில்லை. அவனைச் சூழ்ந்து கொள்கின்றது. பேராலயத்தினுள்ளே நிற்பவன் தூண்களையும் விதானத்தையும் ஒருங்கே காண்பதுபோல, அவன் ஒலியின் உள்ளே நிற்கின்றான். நூற்றுக்கணக்கான குரல்கள் ஒடுங்கி மெல்லிய மன்றாட்டாகும் கணத்திலே, அத்தனைபேர் கூடி மூச்சடக்கியிருக்கும் அமைதியும் இசையின் ஒரு பகுதியாகின்றது. அவ்வமைதியை எக்கருவியும் பதிந்து தரமாட்டாது.

மாணவர் செய்த தொண்டு

ஆசிரியத் தொழிலில் உள்ள எம்போலியர்க்கு மிக்க மகிழ்ச்சி தருவது இன்னொரு செய்தி. பிறையன் இசையை முதன்முதலில் விற்பனைக்குரிய இசைத்தட்டாகப் பதிந்தோர் இலண்டன் மாநகரத்துப் பெருங்குழுவினர் அல்லர். லெஸ்ரசயர் மாகாணப் பாடசாலை மாணவரின் பல்லியக் குழுவே, 1972 இலே, அவருடைய பத்தாஞ் சிம்பனியையும் இருபத்தோராஞ் சிம்பனியையும் இசைத்துப் பதிந்தது. தொழில்முறைக் கலைஞர் கடினமென்று ஒதுக்கியதை, கடினம் என்று கூற ஒருவருமில்லாத காரணத்தாற்போலும், இளைஞர் கற்று இசைத்தனர். முதுமையிலே இயற்றப்பட்ட இசைக்குப் பதினைந்தும் பதினாறும் வயதானோர் உயிர்கொடுத்தனர்.

பிறையன் 1968 இலே முப்பத்திரண்டாஞ் சிம்பனியோடு எழுதுகோலை வைத்தார். 1972 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28 ஆந் திகதி, தென்கடற்கரையிலுள்ள ஷோறம் என்னும் ஊரிலே, தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். 1974 இலே அன்பர்கள் அவர் பெயரால் ஒரு சங்கம் நிறுவினர். 1978 இலே ஆர்வலர் பலர் கோதிக் சிம்பனியை ஹான்லியிலே, எல்காரை இளைஞர் பிறையன் கேட்ட அதே விக்டோறியா மண்டபத்திலே, நிகழ்த்தினர். குயவர் நாட்டு மைந்தனின் பேரிசை குயவர் நாட்டுக்கே திரும்பியது. 1980 இல் இலண்டனிலும், 2010 இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரிலும் அது மீண்டும் ஒலித்தது. 2011 ஆம் ஆண்டு யூலை மாதம் 17 ஆந் திகதி, மாட்டின் பிறாபின்ஸ் நெறிப்படுத்த, புறொமனேட் கச்சேரியிலே றோயல் அல்பேட் மண்டபம் நிறைந்தது. அக்கச்சேரி வரிசையிலே அவர் பெயர் 1907 இல் ஏறி, நூற்று நான்கு ஆண்டுகள் சென்றிருந்தன.

தீர்ப்பும் கேள்வியும்

பிறையன் இசையை அறிஞர் யாவரும் ஒருமுகமாகப் போற்றுகின்றனர் என்று கூறுவதற்கில்லை. அளவுக்கு மீறியது என்பாரும், தொடர்பற்றது என்பாரும் உளர். இணையற்றது என்பாரும் உளர். எவர் கூற்று மெய்யெனத் துணிதல் எளிதன்று. கோதிக் சிம்பனி அரங்கிலே ஒலித்த நாட்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. ஒருமுறை கேட்டு ஒரு நூலைத் தள்ளலாகாதெனின், ஒருமுறையுங் கேளாது ஓர் இசையைத் தள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

அவர் தனியரும் அல்லர். அவர்தம் நண்பராகிய கிறான்வில் பான்ரொக், ஜோசப் ஹோல்புறூக், இந்திய இசையில் ஈடுபட்டு 1939 இலே கல்கத்தாவில் உயிர்நீத்த ஜோன் போல்ட்ஸ் என்று, அதே தலைமுறையிலே கேட்பாரற்றுப் போன ஆங்கில இசைப்புலவர் பலர். புறக்கணிப்பு வேறு, தீர்ப்பு வேறு. புறக்கணிக்கப்பட்டது தகுதியற்றது என்று நாம் எண்ணிவிடுகின்றோம். கேட்கப்படாதது இன்னும் விசாரிக்கப்படவேயில்லை, அவ்வளவே.

பிறையன் தம் கடனைச் செய்தார். கேட்பார் வருவர் என்ற உறுதியின்றியே, தாளின்மேற் தாளாக எழுதிவைத்தார். எஞ்சிய பாதி கேட்போருடைய கடன். எல்கார் இசையைக் கேட்க 1896 இல் ஒரு மண்டபத்தினுள்ளே சென்ற இளைஞன்போல, பெயரறியாத புலவரின் இசையைக் கேட்கவும் ஒருவன் மண்டபத்தினுள்ளே செல்லுதல் வேண்டும். அவன் செல்லுமளவும் தாளில் உறங்குவது குறியீடே. அவன் செவிகொடுத்த பின்னரே அஃது இசையாகின்றது.